பால் காய்ச்ச நாள் பார்ப்பது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்காவின் பொங்கோல் புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம் என்றதும் போனில் சிரித்தாயே, அப்போது அம்மா பக்கத்தில் நின்றதால் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

காலண்டர் ராகு காலம் நம் ஊருக்குப் பொருந்துமா என்று நீ கேட்டது நியாயமான கேள்விதான். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று காலண்டரில் இருக்கிறது. சூரியன் 6 மணிக்கு உதிக்கிறது என்று வைத்துக்கொண்டு, பகலை எட்டாகப் பிரித்து, இரண்டாவது பங்கை எடுத்த கணக்கு அது. இங்கே சிங்கப்பூரில் விடிவதே ஏறக்குறைய 7 மணிக்கு. 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளியது, சூரியன் பாட்டுக்குத் தன் நேரத்தில் வந்தது, ராகு காலம் மட்டும் பல வீட்டுக் காலண்டர்களில் அதே 7.30இல் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்ச் சூரியனுக்குக் கணக்குப் போட்டால் 8.30இலிருந்து 10 வரை வரும். ஆக, நல்ல நேரம் என்று 9.15க்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவியை வாங்குகிறவர் அசல் ராகு காலத்தில்தான் வாங்குகிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பாய். சரி, சொல்லிக்கொள்.

ஆனால் இதை வைத்து, அறிவியல் தப்பைத் திருத்திக்கொள்ளும், மதம் மாறவே மாறாது என்று ஒரே தாவாகத் தாவினாய் பார், அது எனக்கு ஒப்பவில்லை. மாறாமலா இருக்கிறது? 2021 தைப்பூசத்துக்குக் காவடி கிடையாது, பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமும் கிடையாது. இணையத்தில் நேரம் பதிந்துகொண்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய், கோயிலே தயாராக வைத்திருந்த பால்குடத்தைச் செலுத்திவிட்டு வந்தார்கள். முருகன் கோபித்துக்கொள்வான் என்று நம் புளோக்கில் ஒருவரும் சொல்லவில்லை. மதம் மாறும், மாறியதை எழுதி வைக்காது. நாலு தலைமுறை போனால் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று அடித்துப் பேசும்.

அறிவியல் எழுதி வைக்கும், பெயரோடும் ஆண்டோடும். பெரிய விஷயம்தான். ஆனால் கையோடு திருத்திக்கொள்ளும் என்று மட்டும் சொல்லாதே. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி வெகெனர் 1912இல் சொன்னார், 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தும் போனார், நிலவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ள 1960கள் வரை ஆயிற்று, அதுவும் கடலடித் தரையை ஆராய்ந்த பிறகுதான். எது நகர்த்துகிறது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை, அது எதிர்த்தவர்கள் பக்கத்து நியாயம்.

ஆக இரண்டு பேருமே தாமதிப்பார்கள். அந்தத் தாமதத்தால் அடி யாருக்கு விழுகிறது என்று நீ பார்ப்பதில்லை. வெகெனரைக் காக்க வைத்ததால் எந்தக் குடும்பமும் தெருவில் நிற்கவில்லை. திருவிதாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில் கதவு திறக்க 1936 வரை ஆயிற்று, அதற்கும் மகாராஜா பிரகடனம் போட வேண்டியிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்றே செத்துப்போனவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? மதத்தின் மேல் கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படு, நானும் கூட வருகிறேன். ராகு காலத்துக்கெல்லாம் அவ்வளவு மூச்சை வீணாக்க வேண்டாம்.

இரண்டும் சேர்ந்து இருக்க முடியுமா என்று கேட்டாய். இருந்துகொண்டுதானே வருகின்றன. கிரகணம் என்பது நிழல்தான் என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார். நம் ஆட்கள் நிழல் கணக்கையும் எடுத்துக்கொண்டார்கள், பாம்பையும் விடவில்லை. இடிக்கத்தான் செய்கிறது. கிரகணம் எத்தனை மணிக்கு என்பதற்கு எனக்குக் கணக்கு வேண்டும், பாட்டி போன அன்று இரவு எனக்குத் தேவாரம் வேண்டியிருந்தது, ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்கு இது போதாது என்று தெரியும், உன் வேலை அப்படி. எங்கே இடிக்கிறது என்று விளக்கமாக எழுது, குரல்செய்தி அனுப்பாதே, பாதியில் தூங்கிவிடுகிறேன்.

அப்பா