மெரினாவில் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெரினாவுக்கு நீலக்கொடி, அதாவது குளிக்கத் தகுந்த தூய கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று, என்றதும் மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும்தான் பேச்சில் அடிபடுகின்றன. கொடியைத் தீர்மானிப்பது தண்ணீர். மலக்கழிவு கலந்ததைக் காட்டும் குடல் கிருமிகளின் எண்ணிக்கை, 100 மில்லி கடல்நீரில் இ.கோலி 250-க்குள், என்டரோகாக்கஸ் 100-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மெரினாவுக்கு வடக்கே கூவம், தெற்கே அடையாறு. தென்மேற்குப் பருவக்காற்றில் கரையோர நீரோட்டம் வடக்கே ஓடும்போது அடையாற்றின் அழுக்கு வரும். வாடைக் காலத்தில் ஓட்டம் திரும்பி, கூவத்தின் அழுக்கு நேப்பியர் பாலத்தருகிலிருந்து தெற்கே இறங்கும். எந்தப் பருவத்திலும் ஏதோ ஒரு பக்கத்துச் சாக்கடை நமக்கு உண்டு.

ஆகவே மாதிரி எடுக்கும் நேரமும் இடமும் முக்கியம். உச்சிவெயிலில் எடுத்தால் சூரிய ஒளி கிருமிகளைக் கொன்றிருக்கும், எண்ணிக்கை அழகாகக் குறையும். விடியற்காலையில், நீர் வடியும்போது, இடுப்பளவு ஆழத்தில், மேல்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே, கிருமிநீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கூவம் முகத்துவாரத்தின் பக்கம், நீச்சல்குளத்துக்கு எதிரே, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் என மூன்று இடமாவது வேண்டும். நீரோட்டத்தின் இரண்டு திசைகளிலும் எடுக்க வேண்டும். முதல் மழைக்கு மறுநாள் எடுக்காத கணக்கு பாதிக் கணக்கு.

முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைக்கும்போது தேங்கிய கழிவு, திட்டை வெட்டியதும் மொத்தமாகக் கடலில் இறங்கும். வெட்டும் தேதியைக் கடற்கரைப் பராமரிப்போருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெட்டிய மணலைப் பக்கத்திலேயே குவித்தால் அலை திரும்பக் கொண்டுவந்து அடைக்கும். அதைத் துறைமுகத்துக்கு வடக்கே, அரிப்பால் தவிக்கும் கரைக்குக் கொண்டுபோவதே சரி. அங்கே போக வேண்டிய மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால்தானே மெரினா இவ்வளவு அகலமானது!

கட்டுமானத்துக்கு வருவோம். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி மணலில் தற்காலிக வசதிகள் மட்டுமே, அவையும் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையிலிருந்து) குறைந்தது 10 மீட்டர் தள்ளி. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை நல்ல வேலை. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் அதன் கடல்முனை பெயர்ந்தது. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போல்ட்டைக் கழற்றி எடுக்கும் பலகைத் துண்டுகளாக அமைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் கரையேற்றிவிடலாம். கான்கிரீட் தூண் வேண்டாம். அலை அதன் அடியைத்தான் முதலில் அரிக்கும்.

பங்குனி ஆமைகள் முட்டையிட ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையேறும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கம் போகும், அதாவது ஹைமாஸ் விளக்கை நோக்கி, சாலைக்கு. ஜனவரியிலிருந்து ஜூன் வரை மணலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கலாம், அல்லது தாழ்வாக, மூடியிட்டு, தேன் போன்ற ஆம்பர் நிறத்தில் மாற்றலாம். மணலைத் தோண்டிச் சலிக்கும் இயந்திரமும் அந்த மாதங்களில் ஓடக்கூடாது. கையால் பொறுக்குவதே போதும்.

இன்னொரு சங்கடம்: குளிக்கும் கடற்கரைக்கான கொடியை, குளிக்காதே என்று போலீஸ் விசிலடிக்கும் கரையில் நடப்போகிறோம். கொடி ஏறட்டும், ஏறாமல் போகட்டும். ஒவ்வொரு மாதமும் எடுத்த அளவை, எடுத்த தேதி, நேரம், இடத்தோடு, உழைப்பாளர் சிலை அருகே தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்க மாநகராட்சி முன்வருமா?

— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி