பட்டாவில் உன் பெயர்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சம்பா நடவு முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாகப்பிரிவினை எழுதப்போகிறோம் என்று அப்பா சொல்லி வாயை மூடவில்லை, "எனக்கெதுக்குப்பா, தம்பியே வச்சுக்கட்டும்" என்றாய். இதையேதான், இதே வேகத்தில், 1994-இல் நானும் சொன்னேன்.

உன் தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாமணி ஆற்றோரம் பூர்வீக நிலம் ஒன்பது மா, ஒரு வீடு. மாமாக்கள் என்னையும் சித்தியையும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்தோம். வெளியே வந்ததும் காப்பி வாங்கிக் கொடுத்து, ஆளுக்கொரு பட்டுப்புடவையும் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் மிரட்டவில்லை. உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்ட மாமாவும் அவர்களில் ஒருவர்தான். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுப் படி ஏற முடியாது என்ற பயம் எங்களிடமே இருந்தது.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-இல். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல், கலைஞர் ஆட்சியில். நடுவில் அறுபது வருஷம். அதிலும் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் அந்த உரிமை கிடையாது. எனக்குக் கல்யாணம் 1986. தாத்தாவின் பாகத்தில் ஒரு துண்டுதான் எனக்கு. சித்திக்குக் கல்யாணம் 1991, அதனால் மாமாக்களுக்குச் சமமாக அவளுக்குப் பங்கு இருந்தது. அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். சட்டம் வந்து ஐந்து வருஷமாகியும் எங்கள் தெருவில் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

2005-இல் நாடு முழுக்கச் சட்டத்தைத் திருத்தியபோது கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதம் போனது. ஆனால் முன்பே எழுதி முடித்த எங்கள் பத்திரத்தை அது தொடவில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றம், மகளுக்கு இது பிறப்பிலேயே வரும் உரிமை, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் அதைப் படித்துவிட்டு சித்தி போன் பண்ணினாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா போன பிறகு அவள் வாடகை வீட்டில் படும் பாடு உனக்குத் தெரியும்.

உனக்கு வேலை இருக்கிறது, கனடாவில் சொந்த வீடு இருக்கிறது, தேவையில்லைதான். தம்பிக்கும் நல்ல சம்பளம். அவனிடம் தேவையா என்று நாங்கள் கேட்கவில்லையே, உன்னிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? வாங்கிக்கொள். பிறகு அவனுக்கே குத்தகைக்கு விடு, அது உன் இஷ்டம். பட்டாவில் உன் பெயர் ஏற வேண்டும். நீ வேண்டாம் என்று சொன்னபோது பக்கத்தில் யாழினி குரல் கேட்டது. அவள் அதைக் கேட்டு வளர வேண்டாம், கண்ணு.

தம்பியிடம் பேசிவிட்டேன். "அக்காவுக்கு வடக்குப் பக்கம் எழுதுங்கம்மா, போர்செட் அங்கதான் இருக்கு" என்றான். டிசம்பரில் வரும்போது ஆதார் அட்டையும் போட்டோ இரண்டும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா