முழு ஓக் என்று விற்ற மேசை பற்றிய முறைப்பாடு

திருகோணமலை

முகாமையாளர் அவர்களுக்கு
(பிரதி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு)

விடயம்: பழைய ஓக் இழுப்பு மேசை. சரியான மேசையைத் தருதல் அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நேரில் வந்து நின்றேன். மின்னஞ்சலும் போட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார், "பார்த்துவிட்டு எடுக்கிறம்" என்கிறார், அதோடு சரி. வாயால் சொல்லிச் சலித்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

எந்த மேசை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கொழும்பு ஷோரூமில் உள்ளே போனதும் வலது பக்கம், கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்ததே, அதுதான். இரண்டு பக்கமும் பலகையை இழுத்தால் நீளும். கால்கள் முறுக்கிக் கடைந்தவை. ஒரு மூலையில் சுடு பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு. அந்தத் தழும்பையும் சேர்த்துத்தான் நான் விரும்பினேன். தொட்டுப் பார்த்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்து, "இதைத்தான் தாருங்கள்" என்று சொல்லி முற்பணம் கட்டினேன். "1920களில் இங்கிலாந்தில் செய்தது, முழு ஓக்" என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதித் தந்திருக்கிறார். பிரதி இணைத்திருக்கிறேன். விலை 185,000 ரூபாய். மீதிப் பணத்தையும் நீங்கள் கேட்ட அன்றே வங்கியில் போட்டுவிட்டேன்.

என் வீட்டு வாசலில் இறக்கியது அந்த மேசை இல்லை.

பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. தழும்பு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "பொலிஷ் பண்ணித்தானே அனுப்பினம்" என்றார்கள். சரி, பொலிஷ் போட்டால் தழும்பு போகலாம். மரம் மாறுமா? என் அப்பா எண்பது வயதைத் தாண்டியவர், கண் பார்வை மங்கிவிட்டது. மேசையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார், விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது அந்த மரமில்லை தம்பி" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா இங்கே டொக்யார்டில் வேலை பார்த்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, ஊருக்குத் திரும்பிய ஓர் அதிகாரியின் வீட்டிலிருந்து ஓர் ஓக் மேசையை வாங்கி வந்தார். அப்பா படித்தது, சாப்பிட்டது, என் அத்தையின் கலியாண எழுத்துக்குக் கையெழுத்து வைத்தது எல்லாம் அதன்மேல்தான். 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது அதைத் தூக்கிக்கொண்டா ஓட முடியும்? திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டும்தான் நின்றன. புது வீடு கட்டி முடித்ததும் அப்பாவுக்கு அப்படியொரு மேசை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் கொழும்பு வரை வந்து உங்கள் கடை ஏறினேன். இதை அன்றே உங்கள் விற்பனையாளரிடமும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இதைச் செய்திருக்கிறீர்கள்.

மரவேலை செய்யும் எங்கள் ஊர் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன். உப்புக்காற்றில் மேசையின் ஒரு மூலை ஏற்கெனவே கிளம்பத் தொடங்கியிருந்தது. அவர் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பினார். தபாலட்டையைவிட மெல்லிய ஓக் தோல் ஒன்று கழன்று வந்தது. கீழே மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட், பழுப்பு நிறத்தில் பொருபொருவென்று இருந்தது. முழுப் பலகையாக இருந்தால் மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடங்கி, பலகையின் தலைப்பிலும் தொடர வேண்டும். ஓக்கின் தலைப்பில் ஆண்டு வளையமும் அதைச் சுற்றிய துளைகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும். இங்கே மேலே ஓடிய ரேகை விளிம்பு வந்ததும் வெட்டிவிட்டது போல நின்றுவிட்டது. விளிம்பில் தனியாக ஒரு பட்டி ஒட்டியிருக்கிறார்கள். சிப்போர்ட் தொழிற்சாலைகளில் வரத் தொடங்கியதே 1940களில். 1920களில் செய்த மேசைக்குள் அது எப்படி வந்தது? அடியைத் திருப்பினால் நட்சத்திரத் தலைத் திருகாணிகள் (பிலிப்ஸ் ஸ்குரூ). அந்த ஆணிகள் பாவனைக்கு வந்தது 1930களின் நடுப்பகுதியில். யாரோ பிறகு திருத்தியிருப்பார்கள் என்று சொல்லாதீர்கள். பலகையைப் பிணைத்திருக்கும் எல்லா ஆணியும் அதே வகை, எல்லாம் புதுப் பளபளப்பு.

கால்களாவது உண்மையாக இருக்குமென்று நினைத்தோம். ஓடாவியார் ஒரு காலின் உட்பக்கத்தில் பொலிஷைச் சுரண்டிவிட்டு, இரும்பு நாரை வினாகிரியில் ஊறப்போட்ட தண்ணீரைத் தடவினார். ஓக்கில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்பு பட்டதும் கறுத்துவிடும். இது கறுக்கவே இல்லை. "இறப்பர் மரம், சாயம் ஏத்தியிருக்கினம்" என்றார். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயங்கள். பழைய மரச்சாமான் விற்பவர்களுக்கு நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நான் எழுதவில்லை, உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும். மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். நடுவிலேயே சிரித்தார். பக்கத்தில் இன்னும் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. பிறகு, "ஐயா, ட்ரிங்கோவில இருந்துகொண்டு எங்களுக்கு மரம் படிப்பிக்க வேண்டாம். நீங்க என்ன ஓடாவியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு இலக்கத்திலிருந்து எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் துண்டித்தார்.

ட்ரிங்கோவில் இருப்பவனுக்கு மரம் தெரியாது என்று யார் சொன்னது? சாவண்டலை மரத்துக்கு ஆங்கிலேயர் 'ட்ரிங்கோமலி வுட்' என்று எங்கள் ஊரின் பெயரையே வைத்தார்கள். மதராஸ் கரையில் அலையைத் தாங்கிய மசூலாப் படகுகளை அந்த மரத்தில்தான் கட்டினார்கள். சாராயம் ஊறும் பீப்பாய்களையும் அதில்தான் செய்கிறார்கள். முதிரை, தேக்கு, கருங்காலி என்று மூட்டிய வாசலும் கட்டிலும் எங்கள் வீடுகளில் இருந்தன. இந்தத் தீவில் ஓக் தானாக வளரும் மரமில்லை, உண்மைதான். அதனால்தான் இங்கே ஓக் என்றால் யாராவது கடல் கடந்து கொண்டுவந்ததாக இருக்க வேண்டும், அதனால்தான் அதற்கு அந்த விலை, அதனால்தான் உங்களை நம்பி வந்தேன். அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நேரில் இல்லாவிட்டாலும் எழுத்திலாவது. இதை நான் விடப்போவதில்லை.

அடுத்தது ஹபரணை. இதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை எடுத்து, மிகவும் மரியாதையாகக் கதைத்தார். "எங்கட லொறி பொலன்னறுவைக்குப் போகுது, திருகோணமலைக்கு வராது. நீங்கள் மேசையை ஹபரணைச் சந்திக்குக் கொண்டுவாங்கோ, அங்க மாத்தித் தாறம். சரியான மேசை அந்த லொறியிலேயே வரும்" என்றார். நான் நம்பினேன். ஒரு பட்டா லொறியை வாடகைக்குப் பிடித்து, தூக்கி இறக்க இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு, விடியுமுன் கிளம்பினோம். கந்தளாய் தாண்டும்போது மழை. தறப்பாளைச் சுற்றிக் கட்டியிருந்தும் காற்று ஒரு முனையைக் கிளப்பிவிட்டது. சந்தியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றோம். வந்த ஒவ்வொரு லொறியையும் எட்டிப் பார்த்தோம். நீங்கள் தந்த சாரதியின் இலக்கம் அணைத்தே கிடந்தது. மாலையில் அந்தப் பெண் பிள்ளையே எடுத்து, "லொறி நேத்தே போயிட்டுதாம் அங்கிள், எனக்கும் இப்பதான் சொல்லிச்சினம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டவர் யார்? இருட்டினால் அந்த வீதியில் யானை இறங்கும் என்று பட்டாக்காரர் திரும்பி வரவே மறுத்தார். கூலியை ஏற்றிக் கொடுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தோம். அந்தப் பொடியன்களுக்கு ஒரு நாள் சம்பளமும் போயிற்று, நான் என் கையிலிருந்துதான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் பதில் என்ன தெரியுமா? மழையில் நனைந்து ஓரம் வீங்கிவிட்ட படத்தை அனுப்பினேன். "தண்ணீர் பட்ட பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒற்றை வரி. நனைந்தது யாரால்? ஹபரணைக்குக் கொண்டுவரச் சொன்னது யார்? ஆங்கிலேயர் பரம்பரை பரம்பரையாகப் போர்க்கப்பல் கட்டியது ஓக்கில். ஒரு தூறலுக்கு வீங்குகிற மரத்தில் கப்பல் கட்டியிருப்பார்களா? அந்த வீக்கமே அது ஓக் இல்லை என்பதற்கு அத்தாட்சி. நீங்களே எழுத்தில் தந்த அத்தாட்சியும்கூட. அந்தச் செய்தியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீடு குடிபுகுந்த அன்று வந்த சொந்தக்காரர் எல்லோரும் மேசையைத்தான் கேட்டார்கள். அப்பாவுக்கு வாங்கிவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். வாடகைக் கடையிலிருந்து பிளாஸ்டிக் மேசை எடுத்துப் போட்டுச் சாப்பாடு கொடுத்தோம். அப்பா அன்று பந்தியில் உட்காரவில்லை. உங்கள் மேசையால் என் குடும்பத்தின் மானமும், ஒரு நாளும் திரும்பி வராத ஒரு நல்ல நாளும் போயின. அதற்கு எந்தப் பணமும் ஈடாகாது. இருந்தாலும் கேட்கிறேன்: மேசைக்குக் கட்டிய 185,000 ரூபாய், ஹபரணைக்குப் போய்வந்த லொறிக் கூலியும் ஆள் கூலியும், மன உளைச்சலுக்கு 500,000 ரூபாய்.

ஒன்று சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. நான் கையால் தொட்ட அந்த மேசை, தழும்போடு, இன்னும் உங்களிடம் இருந்தால் அதையே அனுப்பிவையுங்கள். உங்கள் லொறியில், என் வீட்டு வாசலுக்கு. அனுப்பினால் மன உளைச்சல் பணத்தை நான் கேட்க மாட்டேன், கூலியை மட்டும் தந்தால் போதும். அதை வேறு யாருக்கும் விற்றுவிட்டீர்கள் என்றால் அதையாவது உண்மையாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடுவேன். அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விசாரித்தாயிற்று. பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது அந்தச் சட்டத்தில் குற்றம். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் கடிதம் வரும், பத்திரிகைக்கும் போகும். ஓடாவியார் தன் கையால் எழுதித் தந்த குறிப்பு, கழன்ற ஓக் தோல், நட்சத்திரத் தலை ஆணி ஒன்று, படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

மேசை என் முன் விறாந்தையில் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வருமுன் ஒரு நாள் முந்தியே எடுத்துச் சொல்லுங்கள், வீட்டில் ஆள் இருப்போம். ஹபரணைக்கு நான் இனி வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருகோணமலை

இணைப்பு: பற்றுச்சீட்டு, வங்கி வைப்புச் சீட்டு, ஓடாவியாரின் குறிப்பு, படங்கள், உங்கள் வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி