ப்ளஸ் டூ வழிகாட்டி பக்கத்துல சமூக அறிவியலுக்கும் இடம் குடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

ரிசல்ட் வந்ததுல இருந்து உங்க பேப்பர்ல தினமும் மேற்படிப்பு பக்கம் வருது, நல்ல விஷயம், ஆனா இன்ஜினியரிங், நீட், நர்சிங் தாண்டி, சமூகவியல், பொருளாதாரம் மாதிரி சமூக அறிவியல் படிப்புங்கள பத்தி ஒரு வரி காணோம். எங்க தெருவுல ஒரு பிள்ள சமூகவியல் படிக்கணும்னு சொன்னதுக்கு அவ அப்பா "அத படிச்சி என்னத்துக்கு ஆவும்"னுட்டாரு. அவர குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்ல.

நான் எம்.ஏ. பொருளாதாரம் முடிச்சிட்டு சர்வே வேலை பாக்கேன். முக்கூடல் பக்கம் ஒரு வீட்ல, மடியில சொளவு, அதுல பீடி இலையும் தூளும், கை நிக்காம சுத்திக்கிட்டே இருந்த அக்காகிட்ட "என்ன வேலை பாக்கிய?"ன்னு கேட்டேன். "வேலையா? வீட்ல சும்மாதான் இருக்கேம்மா"ன்னாங்க. அப்படியே எழுதிட்டு வந்தா கணக்குல அவங்க வேலை செய்யாதவங்க. ஒரு நாளைக்கு எத்தன சுத்துவிய, பீடிக் கடையில சரியில்லன்னு எத்தன கழிக்காங்க, பிஎஃப் உண்டான்னு உக்காந்து கேக்கணும், அவங்க வாயாலயே வர்ற வரைக்கும் காத்திருக்கணும். படிப்பு சொல்லிக் குடுக்குறது இதத்தான்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. 1916-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி பொருளாதார ப்ரொஃபசர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவங்கள வச்சி கிராமங்கள கணக்கெடுத்தாரு, அதுல நம்ம திருநெல்வேலி பக்கத்து கங்கைகொண்டானும் ஒண்ணு. 1918-ல புத்தகமா வந்துச்சி, பிற்காலத்துல வேற ஆளுங்களும் அதே ஊருக்குப் போயி திரும்ப கணக்கெடுத்தாங்க. இப்ப சிப்காட் நிக்குற ஊர்ல நூறு வருஷம் முந்தி சனங்க எப்படி பொழைச்சாங்கன்னு இன்னைக்கு படிக்க முடியுதுன்னா அந்தப் பசங்க வெயில்ல அலஞ்சதாலதான.

வேலையும் இருக்கு. பெரிய ஃபேக்டரில தொழிலாளர் நலன பாக்க வெல்ஃபேர் ஆபீசர் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி) படிச்சவங்க அங்க போறாங்க. பொருளாதாரத்துல பி.ஜி. முடிச்சா யூபிஎஸ்சி நடத்துற ஐ.இ.எஸ். (இந்தியப் பொருளாதாரப் பணி) பரீட்சை எழுதலாம். குற்றவியல் படிக்கணும்னா நம்ம அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டிலயே டிபார்ட்மெண்ட் இருக்கு.

கஷ்டத்தையும் மறைக்காம போடுங்க அய்யா. என்னோடது ப்ராஜெக்ட் வேலை, ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்தது வர்ற வரைக்கும் சம்பளம் கிடையாது. கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் வந்தவங்களும் புள்ளியியல் படிச்சே ஆகணும், அத முன்னாடியே சொல்லிரணும்.

காலேஜ் அப்ளிகேஷன் தேதி முடியுறதுக்குள்ள ஒரு நாள் பக்கத்த இதுக்கு ஒதுக்குங்க. அந்தப் பிள்ளையோட அப்பாவும் உங்க பேப்பர்தான் வாங்குதாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை