இத்தா முடிந்த ராத்தாவுக்கு

ராத்தா,

மச்சான் இறந்தபின் நீ காத்திருந்த தவணை, உன் இத்தா, பிறைக் கணக்குப்படி நேற்று சூரியன் மறைந்து மஃரிபோடு முடிந்தது. காலையிலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் இரண்டு பேர் படித்த பிறகுதான் உன்னிடம் வருகிறது, அதற்கு எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுவதே மேல். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. உனக்குத் தெரியும்.

ஆமாம், உன்னை மணக்க விரும்பி ஒருவர் உன் தம்பியான என்னிடம் வந்ததும், அதை நான் உன்னிடம் சொல்லாததும் உண்மை. இத்தாவில் இருக்கும் பெண்ணை வெளிப்படையாகக் கேட்கக் கூடாது என்று தெரிந்தவர், சாடையாகத்தான் சொன்னார். சாடையாகச் சொல்வதில் குற்றமில்லை, தவணை முடியும்வரை நிக்காஹை உறுதி செய்யத்தான் கூடாது என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 235ஆம் வசனத்திலேயே இருக்கிறது. ஆக, உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து நீ மச்சானின் அலமாரியைத் திறந்தாய். அத்தர் குப்பியின் மூடி தளர்ந்து சட்டைகளெல்லாம் அந்த வாசம். சட்டென்று கதவைச் சாத்திவிட்டு, புறங்கையை முக்காட்டில் துடைத்துத் துடைத்து, "இது மேலே பட்டால் கூடுமாடா?" என்று கேட்டாய். இத்தாவில் பூசிக்கொள்வதைத்தான் தடுத்திருக்கிறது, தானாக வந்த வாசத்துக்கு என்ன என்றேன். நீ மறுபடி கதவைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். நான் இருப்பதே உனக்கு மறந்துவிட்டது. அந்த நேரத்தில் இன்னொரு ஆணின் பேச்சை எப்படி எடுப்பது, சொல்? மறைத்துவிட்டான் என்று கோபப்படுகிறாய், மன்னித்துக்கொள், ஆனால் என் இடத்தில் நீ இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் போயிருப்பாய்.

அது போகட்டும். "வருஷம் திரும்பட்டும், என்ன அவசரம்" என்று ஒரு பெரியவர் சொன்னதற்கு நீயும் தலையாட்டினாயாமே! வருஷம் முழுக்க ஒரு சின்னக் குடிசைக்குள் மோசமான துணியோடு அடைந்து கிடந்து, கடைசியில் சாணத்தை எடுத்து எறிந்துவிட்டு வெளியே வருவது அறியாமைக் கால வழக்கம். அதை மாற்றி நான்கு மாதம் பத்து நாள் என்றது மார்க்கம். வயிற்றில் பிள்ளை இருந்தால் பெற்றதோடு முடிந்தது. நபியவர்கள் காலத்துப் பெண் சுபைஆவுக்கு அப்படித்தான், கணவர் மவுத்தாகிக் கொஞ்ச நாளில் பிள்ளை பிறந்தது. நான்கு மாதம் பத்து நாள் ஆகாமல் உனக்கு நிக்காஹ் இல்லை என்று அபுஸ் ஸனாபில் என்பவர் சொன்னதும், அந்த அம்மா அன்று மாலையே உடுத்திக்கொண்டு நபியவர்களிடம் (ஸல்) நேரே போய்க் கேட்டு, இத்தா முடிந்தது, விரும்பினால் மணக்கலாம் என்ற பதிலோடு திரும்பினார். தம்பியை அனுப்பவில்லை. மச்சானிடம் மல்லுக்கு நின்றே காரியம் சாதித்த நீ, இப்போது யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்கிறாய். எனக்கு எரிச்சலாக வருகிறது.

நிக்காஹ் செய்துகொள் என்று நான் சொல்லவில்லை. (சொன்னேன் என்று யாராவது உன்னிடம் வந்து ஓதுவார்கள், பார்.) மச்சான் நினைப்போடே இருக்கிறேன் என்றால் இரு, வேலைக்குப் போகிறேன் என்றால் போ. தவணை முடிந்தபின் அந்தப் பெண்கள் தங்கள் விஷயத்தில் முறைப்படி செய்துகொள்வதில் உங்கள் மேல் குற்றமில்லை என்று 234ஆம் வசனம் குடும்பத்தாரான எங்களைப் பார்த்துத்தான் சொல்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் உன்னைக் கேட்டவர் என்னைப் பார்ப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன், முகம் கோணமாட்டார். ஆனால் அது மாமி வழியாக வரக் கூடாது, உன் வாயால் வர வேண்டும். போனை எடு.