அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகளுக்கு மூக்குவழியாகப் பால் செலுத்த வைத்திருந்த குழாயைப் போன வாரம் எடுத்துவிட்டார்கள். அவள் உடம்பில் மிச்சமிருந்த கடைசிக் குழாய் அதுதான். அதையும் எடுக்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம்மாறிப் பிறந்தவள் அவள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் வளைவில் சுருக்கம் வேறு. அந்த ஓட்டை வழியாக ரத்தம் ஓரளவு கலந்துகொண்டதால் உடம்பு பெரிதாக நீலம் பாயவில்லை. நன்றாகவே அழுதாள், பாலும் குடித்தாள்.

ஆகவே முதல் நன்றி பிரசவ வார்டு நர்ஸுக்கு. வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது வழக்கமான பரிசோதனை. இரண்டிலும் 95-க்குக் குறையக் கூடாது, வித்தியாசம் 3-ஐத் தாண்டக் கூடாது. இவளுக்குக் கையைவிடக் காலில் அதிகமாகக் காட்டியது. பொதுவாகக் கோளாறு இருந்தால் கால்தான் குறையும் என்பதால், மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று விட்டிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அந்த மெஷினுக்கு வேறு ப்ரோப் (தோலில் மாட்டும் உணரி) மாட்டினீர்கள். மறுபடி அதே எண்கள் வரவும் டாக்டரைக் கூப்பிட்டீர்கள். குழாய்கள் இடம்மாறி, வளைவிலும் சுருக்கம் இருந்தால் இப்படித் தலைகீழாகத்தான் காட்டும் என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தபிறகு இதய மருத்துவர் சொன்னார்.

பிறந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு சிறு ரத்தக்குழாய் மூடாமல் இருக்கத்தான் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றினார்கள். அது சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடுமாம். அதனால் ஆம்புலன்ஸில் வழிநெடுக அவள் மார்பிலிருந்து கண்ணெடுக்காமல் வந்த இளம் டாக்டருக்கும் நன்றி. உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அப்போது தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை பற்றி நான் என்ன எழுத? இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத இதயத் தமனிகளைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் தைத்த கைகளுக்கு வார்த்தையில் நன்றி சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இடம்மாறிய பெரிய குழாய்களைச் சரியான இடத்துக்கு மாற்றித் தைக்கும் இந்த முறையை 1975-ல் பிரேசிலில் அடிப் ஜட்டேனே முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்திருக்கிறார். அதற்கு முன் பிறந்திருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே வெளியிலிருந்து ரத்தம் வேண்டும். கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, எங்களையும் அவர்களுக்குத் தெரியாது. எந்த ஊரில் இருந்தாலும் நன்றாயிருங்கள்.

ஆபரேஷன் முடிந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று என்றுதான் எல்லாப் பெற்றோரும் நினைக்கிறோம். ஐசியூ டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது வேறு: “இன்னிக்கு ராத்திரி இதயம் இன்னும் கொஞ்சம் தளரும். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மணி நேரத்துலேர்ந்து பதினெட்டு மணி நேரம் வரைக்கும் அப்படித்தான். அதுக்கப்புறம் ஏறணும்.” அப்படியே நடந்தது. கைகால் சில்லிட்டது, சிறுநீர் நின்றது, உடம்புக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் ரத்தத்தில் ஏறியது. உடம்பு ஊதி, பார்த்தால் எங்கள் பிள்ளையாகவே இல்லை. இதயம் வீங்கியிருந்ததால் மார்பெலும்பை மூடாமல், மேலே ஒரு மெல்லிய தாள் மட்டும் போட்டிருந்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அதைப் பார்த்து நின்றிருக்க முடியாது. டாக்டர், கெட்டதை மறைக்காமல், மணிக்கணக்கோடு சொன்னீர்களே, எங்களை அந்த இரவைக் கடக்கவைத்தது அதுதான். வயிற்றில் சிறு குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். நடுவில் இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கியது. உடம்பைக் குளிரவைத்து அதை அடக்கினார்கள். போர்த்திவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, ஏன் கூடாது என்று பொறுமையாக விளக்கிய நர்ஸுக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு. வீக்கம் வடிந்தபிறகு மார்பை மூடினார்கள்.

பால் தொடங்கிய பிறகு வந்தது அடுத்த சிக்கல். மார்பிலிருந்து நீரை வடிக்கும் டிரெய்ன் குழாயில் அதுவரை தெளிவாக வடிந்த நீர், ஒரு விடியற்காலையில் வெளுத்துப் பால்போலிருந்தது. ‘லேசாகத்தானே’ என்று எனக்குத் தோன்றியது. இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வேளைப் பாலை நிறுத்தி, நீரைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். நிணநீர்க் குழாய் கசிந்து, பாலின் கொழுப்பு நுரையீரலைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, நிணநீர்க் குழாய் வழியாகப் போகாமல் நேரே ரத்தத்தில் சேரும் வேறு வகைக் கொழுப்புள்ள எம்சிடி பவுடர் பால். என் பால் வீணாகிறதே என்று நான் அழுதேன். டயட்டீஷியன் அம்மா, நீங்கள் அதை லேபில் மெஷினில் வேகமாகச் சுற்றவைத்து, மேலே திரளும் கொழுப்பை நீக்கி, மிச்சத்தை அவளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தீர்கள். பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸில் இதற்கு அரை நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். எனக்கோ, தாயாக ஏதோ செய்கிறேன் என்ற தெம்பே அதில்தான் வந்தது.

வென்டிலேட்டரை எடுத்ததும் அவள் வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. தொண்டை புண்ணாகியிருக்கும், சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். அதே இரவு சிஸ்டர்தான், வளைவில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, இடது குரல்நாண் நரம்பு அந்த வளைவைச் சுற்றித்தான் போகிறது, காது-மூக்கு-தொண்டை டாக்டர் பார்க்கட்டும் என்று குறிப்பு எழுதிவைத்தார். பார்த்தார்கள், இடது நாண் அசையவில்லை. அப்படியே வாய்வழியாகப் பால் கொடுத்திருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சொட்டுச் சொட்டாக, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி விழுங்கப் பழக்கிய தெரபிஸ்ட்டுக்கு நன்றி. அந்தப் பொறுமை எனக்கு வராது.

மார்பெலும்பு கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தலைக்கும் பிட்டத்துக்கும் கீழே கைவைத்து அள்ளுங்கள் என்று எங்கள் வீட்டார் ஒவ்வொருவருக்கும் பொம்மை வைத்துக் காட்டியவர்களுக்கும், ராத்திரியில் தரை துடைக்கும்போது “சாப்டீங்களாம்மா” என்று கேட்ட அக்காவுக்கும், தன் பிள்ளை இன்னும் வென்டிலேட்டரில் இருக்கும்போது என் பிள்ளைக்காகச் சிரித்த பக்கத்துப் படுக்கைத் தாய்க்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

மாற்றித் தைத்த தமனிகளையும் வளைவையும் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அது எங்கள் வேலை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, இரவுப் பணி சிஸ்டர், நீங்கள் பகலில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லியனுப்புங்கள். குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்புதான், ஆனால் ஊசியைப் பார்த்தால் அடுத்த வார்டு வரை கேட்கும்.

நன்றியுடன்,
ஒரு தாய்