கடலில் குளித்துவிட்டு உடை மாற்ற ஓர் இடம்: தரங்கம்பாடி கடற்கரைக்காக நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தரங்கம்பாடி கடற்கரைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக உடை மாற்றும் அறை, கழிப்பறை, உப்புப் போகக் குளிக்க நல்ல தண்ணீர், கரையில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் ஆகிய நான்கையும் ஏற்பாடு செய்ய ஊரில் ஒரு குழு அமைத்திருக்கிறோம். மீனவப் பஞ்சாயத்தார், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வேன் ஓட்டுநர்கள், மணலில் சுண்டலும் மாங்காயும் விற்பவர்கள் எல்லாரும் இதில் இருக்கிறார்கள். முதல் ஆண்டுக்கு 9 லட்ச ரூபாய் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தொகை பெரிதாகத் தெரிகிறதா? 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது 12.5 லட்ச ரூபாய்க்கு. நாங்கள் அதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறோம். அன்றைய ரூபாயின் மதிப்பு வேறு என்று கணக்கு வாத்தியார்கள் யாரும் எழுத வேண்டாம், எங்கள் குழுவிலேயே ஒருவர் இருக்கிறார், சொல்லிவிட்டார்.

எங்கள் கரைக்கு யார் வருகிறார்கள் என்று சொன்னால்தான் தேவை புரியும். கோட்டையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு பங்குதான். பெரிய கூட்டம் கோயில்களிலிருந்து வருவது. பத்து கிலோமீட்டருக்குள் திருக்கடையூர். அங்கே அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்காத முகூர்த்த நாளே கிடையாது. விடியற்காலையில் கும்பத்து நீர் ஊற்றி, மாலை மாற்றி, சாப்பாடு முடிந்ததும், “பக்கத்துலதானே கடல், பாத்துட்டுப் போவோம்” என்று பேரப்பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க, இரண்டு வேன் நிறைய இங்கே வந்து இறங்குவார்கள். பட்டுவேட்டியில் தாத்தா, புதுப்புடவையில் பாட்டி, கையில் தாம்பூலப் பை. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றிலிருந்து திரும்புகிற கார்கள் வரும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பி, கொப்புளம் வந்த காலைக் கடலில் நனைத்துவிட்டுப் போவார்கள். காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரத்தில் இருக்கிற கிராமமெல்லாம் கட்டுச்சோற்றோடு இங்கேதான்.

இத்தனை பேருக்கும் இருக்கிற வசதி காணாது. ஆண்களுக்கு அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடுவார்கள். பெண்கள்தான் பாவம். இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, நடுவே ஒருவர் ஈர உடையை மாற்றுகிறார். வேன் ஓட்டுநரிடம் மெதுவாக வந்து, “அண்ணே, பக்கத்துல நல்ல ஓட்டல் இருக்கா?” என்று கேட்கும் அம்மாக்கள் சாப்பாட்டுக்காகக் கேட்பதில்லை என்பது எங்கள் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான், சாயங்காலம் வரை இருக்க வேண்டிய குடும்பம் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது.

எங்கள் கரை கிழக்கு பார்த்தது. பிற்பகல் மூன்றரை, நான்குக்கு மேல் வெயில் முதுகுப்பக்கம் போய்விடும், மணல் ஆறும், கடல்காற்று நன்றாக வீசும். குழந்தைகளோடு உட்கார அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் மதியம் வருகிற குடும்பம் அதுவரை தங்குவதில்லை. தங்கினால் சுண்டல்காரருக்கும் வியாபாரம், மீன் வறுவல் போடும் அக்காவுக்கும் வியாபாரம்.

கடலில் குளித்தால் நல்ல தண்ணீரிலும் குளிக்க வேண்டும் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. வடக்கே பூம்புகாரில், காவிரி கடலில் கலக்கும் இடத்தில், அந்தக் காலத்து மக்கள் கடலாடிவிட்டு ஆற்றிலும் முழுகினார்கள் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. அவர்களுக்குக் காவிரி இருந்தது. எங்களுக்கு ஒரு கிணறு போதும்.

அந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை வையுங்கள், செலவை நான் ஏற்கிறேன்” என்று ஏற்கெனவே இரண்டு அன்பர்கள் முன்வந்தார்கள். நன்றியோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கடற்கரை மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கிறது. ஆழமாகத் துளைத்து மோட்டார் வைத்து இறைத்தால் கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். அப்புறம் அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்கும். ஆகவே ஆழமில்லாத உறைகிணறு, கைப்பம்பு, மேலே ஒரு சின்னத் தொட்டி, அழுத்தினால் மட்டும் தண்ணீர் விடும் குழாய். ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர் கிடைத்தால் உப்பும் மணலும் போய்விடும். கழிப்பறை இந்தக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, வண்டி நிறுத்தும் பக்கம் வரும். அதற்குப் பயோ டேங்க், அதாவது கழிவை நுண்ணுயிர்களே மக்க வைக்கும் மூடிய தொட்டி.

கட்டடம் என்று நாங்கள் சொல்வதும் சிமெண்ட் கட்டடம் அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கடற்கரையில் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர் வசதி போன்றவை தற்காலிக அமைப்பாகவே இருக்கலாம். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் பக்கத்திலும் போக மாட்டோம். விதி இல்லாவிட்டாலும் நாங்கள் இப்படித்தான் செய்திருப்போம். கடல் இங்கே நிலத்தைத் தின்கிற கடல். மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அது எப்போதோ கொண்டுபோய்விட்டது; அதைத் தடுக்கத்தான் இத்தனை கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எனவே இரும்புச் சட்டம், தகடு, மேலே தென்னங்கீற்று. ஐப்பசி பிறந்ததும் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிடுவோம், வாடைக்காற்று ஓய்ந்து தை பிறக்கும்போது திரும்ப நிறுத்துவோம். நிழலுக்குக் கீற்றுப் பந்தலும், முதியவர்கள் உட்கார முதுகுச் சாய்வு வைத்த பெஞ்சுகளும், சக்கர நாற்காலி மணலில் புதையாமல் போகப் பலகைப் பாதையும் இதிலேயே அடங்கும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு 3.5 லட்சம். கிணறு, மிதவை வளையங்கள், கயிறு, கொடிகள் எல்லாம் சேர்த்து 46 ஆயிரம். மீதி 5 லட்சத்து 4 ஆயிரம் முழுக்க முழுக்கச் சம்பளம்.

இந்த இடத்தில்தான் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். பாதிக்கு மேல் சம்பளமா? ஆமாம். கரையோர ஊர்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: டைல்ஸ் பதித்த அழகான கழிப்பறை, வாசலில் கல்வெட்டு, கதவில் துருப்பிடித்த பூட்டு. கட்டுவதற்கு ஆள் கிடைக்கிறார்கள். கழுவுவதற்குக் காசு கொடுக்கத்தான் ஆள் இல்லை. கல்வெட்டில் பெயர் வரும், பினாயிலில் வராது. நம் ஊர்க் கோயில்களில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய டியூப்லைட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எண்ணம் நேர்மாறானது. சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள், காலை முதல் பொழுது சாயும் வரை, மாதம் ஆளுக்கு 15 ஆயிரம். அவர்கள் இருந்தால் அறை சுத்தமாக இருக்கும், வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில் மற்றப் பெண்கள் உள்ளே போவார்கள். கட்டணம் வசூலிக்கப் போவதில்லை. சில்லறை இல்லை என்று ஒரு பாட்டி திரும்பிப் போகக் கூடாது.

அப்புறம், கரையில் நிற்கப் போகும் பையன்கள். கடலுக்குப் போய் வளர்ந்த இரண்டு இளைஞர்கள், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் என்று ஆண்டுக்கு 120 நாள், நாள் கூலி ஆளுக்கு 600. உள்ளூர்க்காரருக்கு இந்தக் கடலின் குணம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கவே கூடாது. மற்ற மாதங்களில் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் சில சமயம் ஆபத்து: இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் அலையில்லாமல் கலங்கலாக இருந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பி ஓடுகிறது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் “இங்கே அலையே இல்லை” என்று குழந்தையை அங்கேதான் இறக்குவார்கள். இழுத்துவிட்டால் அதை எதிர்த்து நீந்தாமல், பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். இதைச் சொல்லவும், சிவப்புக் கொடி நடவும், வளையத்தை வீசவும் ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும். கருங்கற்களின் மேல் ஏறிச் செல்ஃபி எடுப்பவர்களை இறக்கிவிடுவதும் அவர்கள் வேலைதான். பாசி பிடித்த கல் யாரையும் பார்க்காது. குடித்துவிட்டு வருகிறவர்களைப் பற்றியும் கேட்டார்கள். காரைக்கால் எல்லை பக்கத்தில் இருக்கும்போது மேலே என்ன சொல்ல? பஞ்சாயத்தார் அதைப் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள், குழு அதில் தலையிடாது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் வெகுகாலம் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் அந்த நாளில் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறோம். அந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்தான் இந்த இரண்டு இளைஞர்களும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

வெளிச்சம் பற்றி ஒன்று. உயர்கோபுர விளக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன நண்பருக்கும், கிணற்றுக்குச் சொன்னதுபோல, நன்றியோடு வேண்டாம் என்றுதான் பதில். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமைகள் இந்தக் கரையோரம் முட்டையிட ஏறும் காலம். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் ஓடும். கடற்பக்கம் இருட்டி, ஊர்ப்பக்கம் பளிச்சென்று இருந்தால் சாலைக்கு வந்து நாய்க்கும் வண்டிக்கும் இரையாகும். எனவே கழிப்பறை வாசலில் மட்டும் தாழ்வான, கீழ்நோக்கிய சூரிய விளக்கு இரண்டு. இரவில் கடற்கரை இருட்டாகவே இருக்கட்டும்.

எப்படி உதவலாம் என்றால், ஒரே தவணையில் பெரிய தொகை தருவதைவிட மாதம் 200, 300 என்று ஓராண்டு தொடர்ந்து தருவது எங்களுக்கு அதிகம் உதவும். சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டியது. சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் இதை மனத்தில் வைக்கவும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வீட்டில், அன்றைய பந்திச் செலவில் ஒரு இலைக்கு ஆன காசைத் தந்தாலும் மகிழ்ச்சி. கீற்று, சவுக்குக் கம்பு, பழைய மிதவை, கயிறு என்று பொருளாகவும் தரலாம். கொத்தனார், தச்சர், பிளம்பர் வேலை தெரிந்தவர்கள் ஒருநாள் உழைப்பாகத் தரலாம். நன்கொடையாளர் பெயர் எந்தச் சுவரிலும் வராது. மாத வரவு செலவு மட்டும் கீற்றுப் பந்தலில் ஒரு பலகையில் எழுதி வைக்கப்படும். எவ்வளவு பினாயில் வாங்கினோம் என்பது உட்பட.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம், கணக்கு விவரம் குழுவினரிடம் கிடைக்கும். ரொக்கமாகத் தருகிறவர்கள் எண்ணிட்ட ரசீது வாங்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களில் ஒருவராகவே இருந்தாலும் சரி. அனுமதிக்கான விண்ணப்பங்கள் தயாராகின்றன. அனுமதி கைக்கு வரும் வரை கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டோம். வரும் காணும் பொங்கலுக்குத் திறக்க வேண்டும் என்பது ஆசை. அதற்குள் அனுமதி வரவில்லை என்றால் பங்குனி முடியும் வரை காத்திருப்போம். அதற்கும் வராவிட்டால் ரசீது எண்ணைக் காட்டி அவரவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆகவே ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கடற்கரை வசதிக் குழுவினர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.